சமையல்காரர் பிழைத்த முடிவு

ஜான் தேவசகாயத்துக்கு வாரத்தில் ஆறு நாள் பூனாவை அடுத்த போசரியில் வேலை, ஏழாவது நாள் கோயிலில் வேலை. இரண்டு இடத்திலும் பார்த்தது ஒரே வேலைதான் என்று அவர் மனைவி ரஞ்சிதம் சொல்வாள். போசரியில் கியர் செய்யும் ஒரு கம்பெனியில் அவர் இன்ஸ்பெக்டர். இன்ஸ்பெக்டர் என்றதும் தொப்பியும் தடியும் நினைத்துக்கொள்ள வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கான ஒரு மேஜை, மேலே டியூப்லைட், கையில் துளை அளக்கும் கேஜ், அவ்வளவுதான். கேஜின் ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. அப்படி இருந்தால் பாஸ், இல்லாவிட்டால் சிவப்புப் பெயின்ட். ரொம்பவும் மோசமில்லாததைத் திரும்பக் கடைந்து பார்க்க ஒரு மூன்றாவது தட்டு உண்டு. அதில் எதையும் போட ஜானுக்கு மனசு வராது. 'ஒண்ணு சரி, இல்லாட்டி தப்பு. நடுவுல என்ன தட்டு?' என்பார். மிஷின்காரர்கள் அவர் மேஜைப் பக்கம் வரவே பயப்படுவார்கள்.

கோயில் வேலை வந்து சேர்ந்தது தொண்ணூறுகளின் நடுவில். கோர்படியில் ரயில்வே காலனியை ஒட்டி ஒரு சின்னத் தமிழ்ச் சபை. அதற்கு ஓர் அலமாரி, அந்த அலமாரிக்கு லைப்ரரி என்று பெயர். மாற்றலாகிப் போன ஒரு மிலிட்டரிக் குடும்பம் மூட்டை மூட்டையாகப் புத்தகங்களைக் கொடுத்துவிட்டுப் போக, யாரும் பிரித்துப் பார்க்காமல் அடுக்கிவைத்தார்கள். ஓய்வுநாள் பள்ளிப் பெண்ணொருத்தி அதில் ஒன்றை எடுத்து, பிரசங்க நேரத்தில் பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்து, கண்கொட்டாமல் படித்துக்கொண்டிருந்தாள். அட்டையில் ஓர் ஆணும் பெண்ணும் நின்ற நிலையைப் பார்த்து அவள் அத்தை போட்ட சத்தத்தில் பாஸ்டர் ஆசீர்வாதம் சொல்ல மறந்துவிட்டார்.

அப்புறம் கமிட்டி கூடியது. இனி எந்தப் புத்தகம் வந்தாலும் சபை மூப்பர் ஒருவர் முழுசாகப் படித்து, ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு நேரத்தில் எழுந்து நின்று, ஏற்றதா ஏற்காததா என்று காரணத்தோடு சொல்ல வேண்டும். யார் படிப்பது என்ற கேள்விக்கு எல்லாரும் ஒரே பக்கமாகத் திரும்பினார்கள். இன்ஸ்பெக்டர் இருக்கும்போது வேறு யாரைத் தேடுவது?

ஏற்காத புத்தகத்தை என்ன செய்வது என்பதில்தான் இழுபறி. எரிக்கலாம் என்றார் ஒருவர். "குடுத்தவர் முன் பெஞ்சில உக்காந்திருக்க, நாம பின்னால எரிக்கிறதா?" என்றார் பாஸ்டர். பழைய பேப்பர் வாங்கும் ரத்திக்காரனிடம் எடைக்குப் போடலாம் என்றார் இன்னொருவர். நமக்கு ஆகாததை ஊரார் பிள்ளைகள் தலையில் கட்டுவதா என்று அதுவும் தள்ளுபடியானது. கடைசியில், ஏற்காதது என்று சொல்கிறவரே அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பூட்டிவைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. ஏற்கெனவே படித்துவிட்ட மனுஷன், இனிக் கெடுவதற்கு என்ன இருக்கிறது?

இப்படியாக, பூனாவில் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு ஆகாத புத்தகமெல்லாம் ஜான் வீட்டுக் கட்டிலடியில் ஒரு டிரங்குப் பெட்டிக்குள் வந்து சேர்ந்தது. ஜான் சாவியை ஜன்னல் ஆணியில் மாட்டிவைத்தார். அவர் கம்பெனி பஸ் ஏறிய கையோடு ரஞ்சிதம் பெட்டியைத் திறப்பாள். தூத்துக்குடிக்காரி, பாளையங்கோட்டையில் பி.யு.சி. வரை படித்தவள், எழுத்து என்று இருந்தால் பொட்டலக் காகிதத்தையும் விடமாட்டாள். கொலை, கள்ளக் காதல், பேய், நாத்திகம், ஒன்றையும் அவள் தள்ளவில்லை. ஜானுக்கு இது தெரியாது என்று சில வருஷம் அவள் நினைத்தாள். தெரியாததுபோல அவரும் இருந்தார். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், "இந்த மாசம் எல்லாம் ஏற்றதுன்னே சொல்லிட்டு வாரியளே, வீட்ல படிக்க ஒண்ணுமில்ல" என்று அவள் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் ஜானுக்குப் புரையேறிற்று. அதற்குப் பிறகு பெட்டிக்குப் பூட்டே கிடையாது.

ஒரே மகள் ஷீபாவைக் கட்டிக் கொடுத்து பஹ்ரைனுக்கு அனுப்பிய பிறகு வீட்டில் இந்த இரண்டு பேரும் அந்தப் பெட்டியும்தான்.

இரண்டாயிரத்து நான்கில் ரஞ்சிதத்துக்கு வயிற்றுவலி வந்தது. கஷாயம், மாத்திரை, ஜெபம் எல்லாம் பார்த்தாயிற்று. ஆடி மாசம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுத்தார்கள். ஜானை மட்டும் உள்ளே கூப்பிட்டு டாக்டர் சொன்னார்: கட்டி, ஈரலுக்கும் பரவிவிட்டது, கத்தி வைத்துப் பிரயோஜனம் இல்லை, கிறிஸ்துமஸ் வரைக்கும் இருந்தால் பெரிசு. வலிக்கு மருந்து எழுதித் தந்தார். ஜான் எழும்பும்போது, "அவங்களுக்குப் பிடிச்சதை எல்லாம் சாப்பிடக் குடுங்க" என்று இந்தியில் சொன்னார்.

வெளியே பெஞ்சில் ரஞ்சிதம் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "என்ன சொன்னாரு?" என்று கேட்டாள்.

"அல்சர்" என்றார் ஜான்.

அதைச் சொல்ல வேண்டும் என்று அவர் திட்டம் போட்டுவரவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவள் முகம் தெளிந்ததைப் பார்த்ததும் அதை மாற்றிச் சொல்ல அவருக்குத் துணிவில்லாமல் போயிற்று. "அல்சர்னா காரம் ஆகாதே?" என்று அவள் கேட்டாள். ஆமாம் என்றார். "புளி? மீனு?" அதுவும் ஆகாது என்றார். பின்னே என்ன சொல்வார்? ஷீபாவிடம் போனில் உண்மையைச் சொன்னபோது அவளும் அழுதுகொண்டே, "அம்மாட்ட சொல்லிராதீங்கப்பா, தாங்க மாட்டா" என்றாள். அப்படியே பொய்க்கு இன்னொரு தூணும் கிடைத்தது.

பொய்யைச் சொல்வது ஒரு நொடி, அதற்குச் சோறு போடுவது தினமும். ஜான் அதிகாலையில் எழும்பி, குழைய வடித்து, தயிர் ஊற்றிப் பிசைந்து, மூடி வைத்துவிட்டு போசரிக்குப் போவார். சாயங்காலம் கோர்படி கேட் அடைத்துக் கிடக்கும். ரயில் போகும்வரை நின்று, வீட்டுக்கு வந்து, மறுபடியும் குழைந்த சோறு. ரசம்கூட மிளகு இல்லாமல். அவருக்கும் அதே சோறுதான், அவள் முன்னால் காரமாகத் தின்ன மனசு வருமா? மேஜையில் கேஜைப் பிடித்தபடியே சில நாள் அசந்துவிடுவார். முன்பு அவர் கண்ணுக்குத் தப்பாத பழுதெல்லாம் இப்போது பாஸ் ஆகிப் போனது. மிஷின்காரர்களும் பாவம் என்று விட்டுவிட்டார்கள். கை ஓய்ந்து, கால் ஓய்ந்து, நினைப்பும் ஓய்ந்த மாதிரி ஆகியிருந்தார் மனுஷன்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் ஆல்வின் அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். மகர்பட்டாவில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற கோயம்புத்தூர்ப் பையன், சபைக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. "ஸ்பேஸ் கதைங்க அங்கிள். ஆனா உள்ள ஒரு பெரிய கேள்வி இருக்குதுங்க. யூத் கேம்ப்ல இதை வச்சுப் பேசலாம்னு ஆசை. நீங்க ஏற்றதுன்னு சொன்னாத்தான் பாஸ்டர் விடுவாருங்க." செங்கல் கனத்தில் ஓர் ஆங்கில நாவல். வேண்டாம் என்று சொல்லவும் ஜானுக்குத் தெம்பில்லை.

கதை இதுதான். எங்கேயோ ஒரு பனிக்கட்டி நிலவில் சுரங்க வேலைக்குப் போனவர்கள். கண்ணாடிக் கூடாரம் விரிசல் விட்டு, காற்றுக் கசிந்து, பாதிப்பேர் மாண்டு, மிச்சப்பேர் ஒரே அறைக்குள் முடங்கிக் கிடக்கிறார்கள். அவர்களுக்குத் தலைவி ஒரு பெண். மீட்க வருவதாக இருந்த கப்பல் வராது என்று அவளுக்குச் செய்தி வருகிறது. அதை மறைத்து, கப்பல் வந்துகொண்டிருக்கிறது என்று எல்லாரிடமும் சொல்கிறாள். தினமும் கப்பலிலிருந்து வந்ததாக ஒரு சேதியைத் தானே கட்டி, வாசித்துக் காட்டுகிறாள். அதை நம்பி அவர்கள் சாப்பிடுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், விரிசலை அடைக்கிறார்கள், சாகாமல் இருக்கிறார்கள்.

முன்பிருந்த ஜானாக இருந்தால் ஐம்பதாம் பக்கத்திலேயே சிவப்புப் பெயின்ட் அடித்திருப்பார். பொய் பாவம், பாவத்தால் ஜீவன் பிழைக்கிறது என்று சொல்கிற புத்தகம் ஏற்காதது, முடிந்தது கதை. இப்போது அப்படிச் சொல்ல நாக்கு எழவில்லை. எகிப்தில் மருத்துவச்சிகள் பிள்ளைகளைக் காப்பாற்ற ராஜாவிடம் பொய் சொன்னார்களே, அவர்களைக் கர்த்தர் நன்றாகத்தானே வைத்தார் என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டு போனார். திரும்பி வரும்போது அதுவும் சரிப்படவில்லை. மருத்துவச்சிகள் பொய் சொன்னது பகைவனிடம். இவள் தன்னோடு ஒரே பாத்திரத்தில் தின்கிறவர்களிடம் சொல்கிறாள்.

"என்ன புஸ்தகம், இப்படி புரட்டிட்டே இருக்கிய?" என்றாள் ரஞ்சிதம். "எனக்கும் வாசிச்சுச் சொல்லுங்க. மாத்திரை போட்டா எழுத்தெல்லாம் ஓடுது."

அன்று முதல் சாயங்காலங்களில் அவள் கட்டிலில் சாய்ந்திருக்க, ஜான் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, இங்கிலீஷைப் பார்த்துத் தமிழில் சொல்வார். அவளுக்குக் கதை பிடித்துவிட்டது. நடு நடுவே நிறுத்துவாள்.

"இந்தப் பொம்பள எதுக்குப் பொய் சொல்லுதா?"

"உண்மையைச் சொன்னா அவங்க தாங்க மாட்டாங்கன்னு."

"தாங்க மாட்டாங்கன்னு இவளுக்கு யாரு சொன்னா?"

ஜான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கண்ணு வலிக்கு, நாளைக்குப் பாப்போம்" என்று புத்தகத்தை மூடிவிட்டார்.

அந்தச் சுரங்கக் கூட்டத்தில் வயசான ஒரு சமையல்காரர் இருந்தார். ஊரில் அவருக்கு ஒரு மகன், அப்பாவோடு பேச்சுவார்த்தை இல்லாதவன். கப்பல் வந்ததும் நேரிலேயே போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று சமையல்காரர் சொல்லிக்கொண்டே இருப்பார். மகனுக்கு ஒரு வார்த்தை பேசிப் பதிவு செய்து வைக்கச் சொல்லி மற்றவர்கள் கேட்டும், "எதுக்கு, நான்தான் போகப்போறேனே" என்பார். தலைவி அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருப்பாள். நுரையீரல் கெட்டு, ஒரு காலையில் சமையல்காரர் செத்துப்போகிறார். மகனுக்கு ஒன்றும் சொல்லாமல், விடைபெறாமல், நாளைக்குக் கப்பல் வரும் என்று நம்பிக்கொண்டே.

அந்தப் பக்கம் வந்ததும் ஜான் வரியில் விரலை வைத்து நிறுத்தினார். ரஞ்சிதம் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு தடவை அவளைப் பார்த்தார். பிறகு புத்தகத்தைப் பார்த்தபடியே, சமையல்காரருக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது என்று சொன்னார். எழும்பி உட்கார்ந்து கஞ்சி கேட்டார் என்றார். அடுத்த வாரம் கப்பலே வந்து அவரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது, மகன் வாசலில் நின்றான் என்றார். கதை எழுதத் தெரியாத மனுஷன், வாய்க்கு வந்ததையெல்லாம் வைத்துக் கட்டினார்.

"நல்லதாப் போச்சு" என்றாள் ரஞ்சிதம், கண்ணைத் திறக்காமல்.

மறுநாள் சனிக்கிழமை, அரைநாள்தான் வேலை. மத்தியானம் வந்து, தயிர்சாதத்தைத் தட்டில் வைத்துக்கொண்டு அறைக்குள் போனார். ரஞ்சிதம் தலையணையை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். புத்தகம் அவள் மடியில் இருந்தது, அதன்மேல் கண்ணாடி. எழுத்து ஓடினாலும் விடுகிற ஜென்மமா அவள்? ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு படித்திருக்கிறாள்.

"சமையக்காரர் செத்துட்டாருலா" என்றாள்.

ஜான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீங்க சொன்ன முடிவு நல்லாத்தான் இருந்துச்சு. புஸ்தகத்துல அப்படி இல்லையே. பத்து வருசமா நல்லது இது, கெட்டது இதுன்னு கோயில்ல நின்னு சொல்லுதிய, ஒரு புஸ்தகத்திலயும் நீங்க ஒரு வரி மாத்திச் சொன்னதில்ல." அவள் குரலில் கோபமில்லை, மூச்சுத்தான் வாங்கியது. "அந்த மனுசன் மகன்ட்ட ஒரு வார்த்த சொல்லாமப் போயிட்டாரு. என்னையும் அப்படி அனுப்பிராதிய."

ஜான் நாற்காலியில் உட்கார்ந்தார். தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டார். டாக்டர் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். கட்டி, ஈரல், கிறிஸ்துமஸ். தாங்க மாட்டாள் என்று மகளும் அப்பாவும் பயந்த ரஞ்சிதம் கண்ணாடியை மடித்து, புத்தகத்தைத் தலையணை ஓரம் வைத்தாள். பிறகு திரும்பினாள்.

"ஷீபாவ இப்பவே வரச் சொல்லுங்க. எடுக்கும்போது வந்து அழுதா நான் பாக்கவா போறேன்?"

"சரி."

"சாப்பாட்டுக்கு டாக்டர் என்ன சொன்னாரு?"

இந்தக் கேள்வி வரும் என்று ஜான் நினைக்கவே இல்லை. அவருக்கே அது மறந்துபோயிருந்தது. ஆஸ்பத்திரி அறையும், இந்தியில் டாக்டர் சொன்ன கடைசி வார்த்தையும் அப்போதுதான் திரும்ப வந்தன.

"பிடிச்சதைக் குடுங்கன்னாரு" என்றார்.

ரஞ்சிதம் அவர் மடியிலிருந்த தயிர்சாதத்தைப் பார்த்தாள். சாவைக் கேட்டு அழாதவள் அதைப் பார்த்து அழுதாள். "தூத்துக்குடிக்காரிக்கு மாசக்கணக்கா இதையே போட்டிருக்கியளே" என்றாள். "வாய்க்கு ருசியா ஒரு மீன்குழம்பு கேட்டு எத்தன நாளு நாக்கு ஏங்கியிருக்கு தெரியுமா. அல்சர் ஆறட்டும், ஆறட்டும்னு நான் வாயைக் கட்டிட்டு இருந்தேன்." ஜான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மன்னிச்சிரு என்று ஒரு தடவை சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை தானும் கோயிலுக்கு வருவேன் என்று ரஞ்சிதம் பிடிவாதம் பிடித்தாள். ரிக்‌ஷாவில் கூட்டிக்கொண்டு போய், சுவரோரமாய்ச் சாய்ந்துகொள்ளும்படி உட்காரவைத்தார். அறிவிப்பு நேரம் வந்தது. கல்யாணச் செய்தி, சுகவீனர் பெயர்கள், பிறகு பாஸ்டர், "புத்தகம்?" என்று ஜானைப் பார்த்தார். ஆல்வின் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

ஜான் எழுந்து நின்றார். எப்போதும் எண்ணி எண்ணிக் காரணம் அடுக்குகிற மனுஷனுக்கு அன்றைக்கு ஒன்றும் வரிசையாக வரவில்லை.

"இதுல ஒரு பொம்பள பொய் சொல்லுதா" என்று தொடங்கினார். "கெட்டவ இல்ல. பிரியத்துலதான் சொல்லுதா. அதனால நிறையப் பேரு பிழைக்காங்க, அதையும் மறைக்க வேண்டாம். ஆனா ஒரு வயசானவரு, சாகப்போறோம்னு தெரியாமலே சாகுதாரு. அவரு செய்ய வேண்டியது, சொல்ல வேண்டியது எல்லாத்தையும் அந்தப் பொய் எடுத்துக்கிட்டுப் போயிருது. அது அவருக்குள்ள நாளு. கர்த்தர் அவருக்குக் குடுத்தது. அத எடுக்க அவளுக்கு உரிமை இல்ல." சுவரோரம் இருந்த ரஞ்சிதத்தைப் பார்த்தார். "பொய் சொல்லாதேன்னு நாம சின்ன வயசுல படிச்சது எதுக்குன்னு இந்த வயசுலதான் எனக்கு விளங்குச்சு. ஏற்றது. வாலிபர்கள் படிக்கட்டும். சமையக்காரர் அத்தியாயத்தைத் தள்ளிவிட்டுப் படிக்க வேண்டாம்."

பாஸ்டருக்கு விஷயம் தெரியும். அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆல்வின் வந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய் அலமாரியில் வைத்தான்.

"ஏற்றதுன்னுட்டியளே" என்றாள் ரஞ்சிதம், வெளியே ரிக்‌ஷாவுக்குக் காத்து நிற்கும்போது. "இனி அது வீட்டுக்கு வராதே. கடைசி அத்தியாயம் நான் படிக்கலையே."

"லைப்ரரில எடுத்துத் தாரேன்."

"வேண்டாம். நீங்களே சொல்லுங்க. உள்ளபடி சொல்லணும்."

ரிக்‌ஷாவில் போகிற வழியில், கேட் அடைத்து ரயிலுக்காக நின்றபோது, ஜான் உள்ளபடி சொன்னார். கப்பல் வரவே இல்லை. அவர்களே ஓட்டை உடைசலை வைத்து ஒரு வண்டியைக் கட்டி, பாதி வழி வந்தபோது வேறு யாரோ கண்டு காப்பாற்றினார்கள். தலைவி ஊருக்கு வந்ததும் சமையல்காரரின் மகனைத் தேடிப் போனாள். அவன் கதவைத் திறந்தான். என்ன பேசினார்கள் என்று புத்தகத்தில் இல்லை. ரஞ்சிதம் அவர் தோளில் சாய்ந்தபடி கேட்டாள். ரயில் போயிற்று, கேட் திறந்தது.

வீட்டுக்குப் போகாமல் ரிக்‌ஷாவைக் கேம்ப் மார்க்கெட்டுக்கு விடச் சொன்னார் ஜான். அவள் வண்டியிலேயே இருக்க, இவர் போய்ச் சுர்மை வாங்கி வந்தார், நம் ஊர் சீலா மீன். தேங்காய் அரைத்து, மிளகாய் வற்றல் அள்ளிப் போட்டு, கட்டிலில் படுத்தபடியே அவள் சொல்லச் சொல்லக் குழம்பு வைத்தார். வீடெல்லாம் மணம் ஏறியது. அடுத்த வீட்டு மராத்திக்காரி எட்டிப் பார்த்து, "ஆஜ் ஃபிஷ்?" என்று, இன்றைக்கு மீனா எனக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போனாள்.

சோற்றில் குழம்பை ஊற்றி, பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து வைத்தார். ரஞ்சிதம் ஒரு வாய் தின்றாள். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு வாய். மூன்றாவது வாயைக் கையில் எடுத்தவள் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்துவிட்டுத் தட்டிலேயே போட்டாள். வயிறு வாங்கவில்லை.

"நல்லா இருக்கா?" என்று கேட்டார் ஜான். அவர் எதைச் சமைத்தாலும் நல்லா இருக்கு என்று சொல்லியே பழகினவள் அவள்.

"உப்பு கூடிப்போச்சு. புளி இன்னும் கொஞ்சம் விட்டிருக்கணும்" என்றாள். தட்டை அவர் பக்கம் தள்ளினாள். "ஆடி மாசத்துல போட்டிருந்தா நாலு துண்டு தின்னிருப்பேன்."

ஜான் தட்டை வாங்கிக்கொண்டார். அவள் வைத்த மிச்சத்தை, முள்ளை விலக்கி, கடைசிப் பருக்கை வரைக்கும் அவள் முன்னாலேயே உட்கார்ந்து தின்று முடித்தார்.